கடைப் பிரதி

"அண்ணே, பத்தாவதுக்கு நல்ல கைடா ஒண்ணு குடுங்க."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால், காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பலகை சாத்தும்வரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். லால்குடியிலிருந்து வந்த அம்மா கேட்பார். துறையூர் பஸ்ஸில் வந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு மெயின்கார்டு கேட் வரை நடந்து வந்த அப்பா கேட்பார். நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் திரும்பி, "உனக்கு நல்லா வர்ற பாடம் எது?" என்று கேட்பேன்.

பெற்றவர்களுக்கு இது புரியாது. வராத பாடத்துக்காகத்தானே கைடு வாங்க வந்திருக்கிறோம், இவர் என்ன வருகிற பாடத்தைக் கேட்கிறார் என்று பார்ப்பார்கள். பிள்ளை கொஞ்சம் யோசித்து, "கணக்குல முதல் பாடம், உறவுகளும் சார்புகளும்" என்று சொல்லும். மேசையில் மூன்று கைடுகளை அந்தப் பாடத்தில் விரித்து வைப்பேன். A கணத்தில் இரண்டு உறுப்பு, A×B-ல் ஆறு உறுப்பு, அப்படியென்றால் B-ல் எத்தனை என்ற ஒரு மார்க் கேள்வி அந்தப் பாடத்தில் உண்டு. முதல் கைடு '3' என்று விடையை மட்டும் போட்டிருக்கும். இரண்டாவது கைடு, இரண்டையும் பெருக்கினால்தான் ஆறு வரவேண்டும், ஆகவே மூன்று என்று ஒரு வரி எழுதியிருக்கும். மூன்றாவது அதே வரியை எழுதி, பக்கத்திலேயே எண்ணை மாற்றி இன்னொரு கேள்வியும் கொடுத்திருக்கும். "இதுல உங்க டீச்சர் மாதிரி சொல்றது எது?" என்பேன். பிள்ளையே விரல் வைத்துக் காட்டிவிடும்.

தெரியாத பாடத்தைத் திறந்து பார்த்து கைடு வாங்கினால் எல்லாக் கைடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதில் எழுதியிருப்பது சரியா, படி விட்டுப்போயிருக்கிறதா என்று எடைபோட நம்மிடம் எதுவும் இருக்காது. தெரிந்த பாடத்தில் ஒரு கைடு எப்படி நடந்துகொள்கிறதோ அப்படித்தான் தெரியாத பாடத்திலும் நடந்துகொள்ளும். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு தப்பும் செய்திருந்தேன்.

1987-ல் பத்தாவது எழுதிவிட்டு இந்தக் கடையில் பையனாகச் சேர்ந்தேன். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. வாடகை சைக்கிளில் பார்சல் ஆபீஸுக்குப் போய் பண்டல் எடுத்து வருவது, பிரித்து அடுக்குவது, ஸ்டாக் எழுதுவது எல்லாம் என் வேலை. கடையில் பாதி புதுப் புத்தகம், பாதி பழசு. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் கொண்டுவந்து போடும் கைடுகளை எடைக்கு வாங்கமாட்டார் முதலாளி. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து விலை சொல்வார். அடுத்த ஜூனில் அதையே பாதி விலைக்குக் கொடுப்பார். புது கைடு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதி விலைதான் வழி. பழைய கைடில் ஒரு நன்மையும் உண்டு. முந்தின வருடம் படித்த பிள்ளை எந்தக் கேள்விக்குக் கோடு போட்டிருக்கிறது, எதைச் சுழித்திருக்கிறது, அரையாண்டில் எது வந்தது என்பதெல்லாம் ஓரத்தில் இருக்கும்.

திருச்சிக்காரர்களுக்கு கைடு என்ற பண்டத்தோடு தனி உறவு இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊரில் போய் 'கோனார் நோட்ஸ்' என்று சொன்னாலும் விளங்கும். அந்தக் கோனார், ஐயம்பெருமாள் கோனார், எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் புனித வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவர் உரையை வெளியிட்ட பழனியப்பா பிரதர்ஸும் கடைக்குப் பக்கத்தில், தெப்பக்குளத்தில்தான். வகுப்பில் பாடம் நடத்திக் கைவந்த ஒருவர், எந்த இடத்தில் பிள்ளை முழிக்கும் என்று கண்ணால் பார்த்தவர், உட்கார்ந்து எழுதினால் அது எப்படி இருக்கும் என்பதற்கு அந்த உரை சான்று. செய்யுளைப் பதம் பிரித்து, பொருள் சொல்லி, இலக்கணக் குறிப்புக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வி பதிலுக்கு வரும். அதைப் படித்தவர்கள் செய்யுளுக்குத் திரும்பிப் போனார்கள். பின்னால் வந்த பல கைடுகள் கேள்வி பதிலில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துபோயின.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், முதலாளிக்கு உடம்பு முடியாமல்போய் கொள்முதல் என் கைக்கு வந்த புதிது. வெளியூர்ப் பதிப்பகத்து ரெப் ஒருவர் பத்தாம் வகுப்புக் கணக்குக் கைடோடு வந்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் கமிஷன், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு, பளபளப்பான அட்டை. நான் உள்ளே திறந்துகூடப் பார்க்காமல் பண்டல் பண்டலாக இறக்கினேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்தேன். நல்லா இருக்கும் என்று வாய்கூசாமல் சொன்னேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒரு மாலை, முசிறிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகனோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. கைடைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் கணக்கு. ஆரம் 6 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 10 செ.மீ. தூரத்தில். தொடுகோட்டின் நீளம் 8 செ.மீ. வரவேண்டும். நூறிலிருந்து முப்பத்தாறு போனால் அறுபத்து நான்கு, அதன் வர்க்கமூலம் எட்டு. கைடில் 7 என்று அச்சாகியிருந்தது. பையன் சரியாகத்தான் வரைந்திருக்கிறான். அளந்து பார்த்தால் 8 வந்திருக்கிறது. கைடில் 7 என்று மனப்பாடம் செய்த ஞாபகத்தில், தன் படம்தான் தப்பென்று அழித்துவிட்டு மறுபடி வரைந்து, நேரம் போய், கடைசியில் 7 என்றே எழுதிவிட்டு வந்திருக்கிறான்.

"படிச்சவங்க போட்ட புத்தகம்னு நம்பி வாங்கினோம் தம்பி" என்றார் அந்த மனிதர். அவ்வளவுதான் சொன்னார். நான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லி வேறு கைடு கேட்டார். எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடை நிறையக் கைடு இருக்கிறது, எது சரி என்று ஒன்றைப் பற்றியும் என்னால் சொல்ல முடியவில்லை. தன் கையால் அளந்ததைவிட அச்சில் இருப்பதைப் பெரிதாக நினைத்து ஒரு பிள்ளை அழித்திருக்கிறான். அதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது கடைக்கு வழக்கமாக வரும் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெறும் வயது. பழைய புத்தக அடுக்கில் நின்று ஒரு மணி நேரம் படித்துவிட்டு ஒன்று வாங்கிப் போவார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். பிளஸ் டூ இயற்பியல் கைடு ஒன்றை எடுத்து வீட்ஸ்டன் சமனச்சுற்றுப் பக்கத்தைத் திறந்தார். "இது எனக்குத் தூக்கத்துலயும் வரும். அதனால இதைப் பார்த்தா போதும்" என்றார். சந்தி B-யில் கிர்க்காஃப் முதல் விதி, அடுத்து D-யில். பிறகு இரண்டு மூடிய சுற்றுக்கும் இரண்டாம் விதி. கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழி என்றால் எது எதற்குச் சமமாகிறது. அதற்கப்புறம்தான் P-க்கும் Q-வுக்கும் உள்ள விகிதம் R-க்கும் S-க்கும் உள்ள விகிதத்துக்குச் சமம் என்று வரும். அந்தக் கைடில் படம் இருந்தது, கடைசிச் சமன்பாடு இருந்தது, நடுவில் 'கிர்க்காஃப் விதிகளின்படி' என்று ஒரே ஒரு சொற்றொடர்.

"பேப்பர் திருத்துறவங்க கையில விடைக்குறிப்பு இருக்கும். படத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு படிக்கும் இவ்வளவுன்னு பிரிச்சுத்தான் மார்க் போடுவாங்க. இதை அப்படியே எழுதுற பையன் முடிவைச் சரியா எழுதியும் பாதி மார்க்கை விட்டுட்டு வருவான்" என்றார். சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து விட்டுப்போன நாலு படிகளையும் ஓரத்தில் எழுதினார். "இதை விக்காதே. கடையில வை. வாங்க வர்றவங்க பார்க்கட்டும்."

அதுதான் எங்கள் முதல் கடைப் பிரதி. அன்றிலிருந்து எந்தக் கைடு வந்தாலும் ஒரு பிரதியை விற்பனைக்கு வைக்காமல் மேசையில் போட்டுவிடுவேன். நூலில் ஒரு பென்சிலும் கட்டியிருக்கும். வாங்க வருகிறவர்கள், வாங்கிப் போய்ப் படித்துத் தப்புக் கண்டவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், யார் வேண்டுமானாலும் அதில் குறிக்கலாம். பக்கத்தின் ஓரத்தில் சரியான விடை, பக்கத்திலேயே தேதி. ஜனவரி மாதத்துக்குள் ஒவ்வொரு பிரதியும் தன் குணத்தைக் காட்டிவிடும். ஆறேழு இடத்தில் பென்சில் விழுந்த கைடு நல்ல கைடு. மனிதர் எழுதி மனிதர் அச்சுக்கோக்கும் புத்தகத்தில் அந்த அளவு இருக்கும். ஒரு பாடத்துக்கே ஆறேழு விழுந்திருந்தால் அடுத்த வருடம் அந்தப் பண்டலை இறக்குவதில்லை. இதனால் சில ரெப்களோடு மனஸ்தாபம் வந்திருக்கிறது. ஒருவர் மட்டும் கடைப் பிரதியையே கேட்டு வாங்கிப் போய், அடுத்த பதிப்பில் அத்தனையையும் திருத்திக் கொண்டுவந்தார். இன்றுவரை அவர் கொண்டுவருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர் புத்தகத்தையும் மேசையில் போடத்தான் செய்கிறேன்.

தமிழ்வழிக் கைடில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் எழுதி அவசரமாகத் தமிழாக்கிய கைடுகள் உண்டு. பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. நிறை வேறு, எடை வேறு. கைடு வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் 'வேகம்' என்றே எழுதியிருந்தால் பிள்ளைக்கு அந்தப் பாடமே குழம்பிப்போகும். கடைக்கு வரும் டீச்சர்களிடம் முதலில் இந்த இரண்டு ஜோடிச் சொற்களைத்தான் பார்க்கச் சொல்வேன். ஐந்து நிமிஷ வேலை.

பெரும்பாலோர் கனத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். தடியாக இருந்தால் எல்லாம் இருக்கும் என்று நினைப்பு. ஒன்பதாவதில் தட்டுத்தடுமாறி வந்த பிள்ளைக்கு எண்ணூறு பக்கக் கைடை வாங்கிக் கொடுப்பது அதன் முதுகில் மூட்டை ஏற்றுவது. அந்தப் பிள்ளைகளுக்காகவே பல மாவட்டங்களில் கல்வித் துறை ஆசிரியர்கள் உட்கார்ந்து மெல்லக் கற்போருக்கான கையேடு தயாரிக்கிறார்கள். மினிமம் மெட்டீரியல் என்று சொல்வார்கள். மெலிசாக இருக்கும், எளிய கேள்விகளாக இருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரைபடத்துக்கு 8 மார்க், செய்முறை வடிவியலுக்கு 8 மார்க். நூறில் அது 16. பயிற்சி எடுத்தால் எந்தப் பிள்ளையும் அதை வாங்கிவிடலாம். எனக்கு அதில் விற்பனை ஒன்றும் இல்லை. ஆனாலும், "ஸ்கூல்ல இது குடுத்தாங்களா? முதல்ல இதை முடிக்கட்டும்மா. டிசம்பர்ல வாங்க, அப்ப எது வேணும்னு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவேன். திரும்பி வராதவர்களும் உண்டு. வந்தவர்கள் அந்தப் பிள்ளை பாஸான பிறகு தம்பி தங்கைக்கும் என்னிடமே வருகிறார்கள்.

நூற்றுக்கு நூறை, சென்டத்தைக் குறிவைக்கும் பிள்ளைகளுடைய கதை வேறு. பழைய பிளஸ் டூ முறையில் கணக்குத் தாள் 200 மார்க். ஒரு மார்க் கேள்வி 40, ஆறு மார்க் 10, பத்து மார்க் 10. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று புளூபிரிண்ட் இருந்தது. கைடு அட்டையைத் திருப்பினால் முதல் பக்கமே அதுதான். ஒன்றிரண்டு பாடத்தை விட்டுவிட்டே முழு மார்க் கணக்குப் போட்டுப் படித்தார்கள். ஒரு மார்க்குக்குப் பாடத்தின் பின்னால் இருக்கும் புக் பேக் கேள்விகளும், பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிட்ட வினா வங்கியும் போதும். அந்த நாளில் கைடு தேர்வது சுலபம். புளூபிரிண்ட்டுக்கு ஏற்றபடி பிரித்து அடுக்கிய கைடு எதுவோ அதுவே நல்ல கைடு. அப்படி வாங்கிப்போய் நல்ல மார்க்கோடு இன்ஜினீயரிங் சேர்ந்த பிள்ளைகள், விட்டுவிட்ட பாடம் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே எதிரில் வந்து நின்றதாக என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தேடி அவர்கள் வரும்போது எனக்கு மனது சங்கடப்படும். அதை விட்டுவிடலாம் என்று காட்டிய கைடை விற்றவன் நான்தானே.

2017-18-ல் எல்லாம் மாறியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 200 மார்க் தாள்கள் 100 ஆயின. புளூபிரிண்ட் போனது, பாடத்துக்கு உள்ளிருந்தும் கேட்போம் என்றார்கள். 2018-லும் 2019-லும் புதுப் பாடப் புத்தகங்கள் வந்தன. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு மார்க் பகுதியிலும் ஐந்து மார்க் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா. அதற்கு 'சாய்ஸ்' கிடையாது. புக் பேக் கேள்விகளை மட்டும் தீர்த்துவைத்த கைடுகளுடைய காலம் அதோடு முடிந்திருக்கவேண்டும். கடையில் அவை இன்னும் நன்றாகத்தான் ஓடுகின்றன. இப்போது கைடைத் திறந்தால் நான் முதலில் தேடுவது பாடத்துக்கு நடுவில் இருக்கும் எடுத்துக்காட்டுக் கணக்குகளுக்கும் கட்டம் கட்டிய குறிப்புகளுக்கும் அதில் ஏதாவது இருக்கிறதா என்பதை. அதிலும் விடையைத் தொடர்ந்து 'பாடநூல் பக்கம் இத்தனை' என்று குறித்திருந்தால் அந்தக் கைடை எழுதியவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும். தன் புத்தகத்தை மூடிவிட்டுப் பாடநூலைத் திற என்று பிள்ளையிடம் சொல்லத் துணிந்தவர் அவர்.

"பாடநூல் கழகப் புத்தகம் வீட்ல இருக்கா?" என்றும் கேட்பேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் பிரிக்காமல் புத்தம் புதிதாக வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏனென்றால் கைடு வாங்கியாயிற்று.

புத்தகம் இல்லாமல் பள்ளிக்கூடம் நடந்த ஒரு வருடமும் உண்டு. 2011. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஓரியண்டல், ஆங்கிலோ இந்தியன் என்று நாலாக இருந்ததை ஒன்றாக்கிய சமச்சீர்க் கல்விக்குப் புத்தகங்கள் அச்சாகி இருந்தன. ஆட்சி மாறியது, அதை நிறுத்திவைத்தார்கள், வழக்கு நீதிமன்றம் போனது. ஜூனில் பள்ளி திறந்தும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையில் புத்தகம் இல்லை. சந்தையில் பழைய பாடத்திட்டத்துக் கைடும் இருந்தது, சமச்சீர்க் கைடும் இருந்தது. பெற்றோர் பதறிப்போய் வந்து இரண்டில் எதையாவது கொடுங்கள் என்றார்கள். சிலர் இரண்டையும் கேட்டார்கள். வருடத்திலேயே பெரிய வியாபாரம் நடக்கவேண்டிய இரண்டு மாதம் அது. நான் கொடுக்கவில்லை. ஒன்பதாவது கணக்கையும் இலக்கணத்தையும் திரும்பப் படிக்கச் சொல்லி அனுப்பினேன். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர்ப் பாடத்திட்டத்தையே நடத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் கடையில் மூச்சுவிட நேரமில்லை. பழைய பாடத்திட்டத்துக் கைடை வேறெங்கோ வாங்கிவிட்டு, மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டு வந்தவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது.

கொரோனா வருடங்களில் பாடங்களைக் குறைத்தபோது கடைப் பிரதி வேறு விதத்தில் உதவியது. கைடுகள் முழுப் பாடத்துக்கும் அச்சாகியிருந்தன. எந்தப் பாடம் உண்டு, எது இல்லை என்று அரசுப் பட்டியலைப் பார்த்து டீச்சர்கள் பென்சிலால் அடித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதைச் செல்போனில் படமெடுத்துப் போனார்கள்.

பள்ளிப் பிள்ளைகளைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள் வேலைக்காகத் தேர்வு எழுதுகிறவர்கள். பிள்ளைக்குப் பள்ளியில் டீச்சர் இருக்கிறார், கைடு தப்பாக இருந்தால் திருத்துவார். முப்பது வயதில், கையில் குழந்தையோடு, தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு இரவில் படிக்கிறவருக்கு யாரும் இல்லை. அவருக்குக் கைடுதான் டீச்சர். 2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். தேறியவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த அக்டோபரில் மறுபடி நடத்தி, நேரத்தை மூன்று மணி ஆக்கினார்கள். அந்த இரண்டு தேர்வுக்கும் இடையில் கடைக்கு வந்தவர்கள் முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. கைடில் இருந்த ஒரு வரி விடைகளை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். கேள்வி கூற்றும் காரணமுமாக, பொருத்துகவாக உருமாறி வந்ததும் திகைத்துப்போயிருந்தார்கள்.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு, பி.ஜி. டி.ஆர்.பி.க்குப் படிக்கிறவர்களிடம் கைடை எடுக்கும் முன்னால் ஒன்று சொல்லுவேன். 150 கேள்வியில் 110 உங்கள் பாடத்திலிருந்து, 30 கல்வியியல், 10 பொது அறிவு. கல்வியியலுக்கும் பொது அறிவுக்கும் கைடு வாங்குங்கள், தப்பில்லை. அந்த 110-க்கு நீங்கள் கல்லூரியில் படித்த மூல நூல்களுக்குத்தான் போகவேண்டும். இதை நான் புத்தக வியாபாரியாகச் சொல்லவில்லை. தேர்வு முடிந்ததும் ஆசிரியர் தேர்வு வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும். அதற்கு ஆதாரமாக அங்கீகரிக்கப்பட்ட பாடநூல்களைத்தான் காட்டலாம். கைடும் நோட்ஸும் ஆதாரமாகாது. தேர்வு நடத்துகிறவர்களே ஆதாரமாக எடுத்துக்கொள்ளாத ஒன்றை நம்பி ஒரு வருடத்தை எப்படிக் கொடுப்பது? இதைக் கேட்டதும் பலர் வாங்க வந்ததைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்கள். மாவட்ட மைய நூலகத்துக்குப் போகும் வழியைக் கேட்டவர்களும் உண்டு. சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

போன வருடம் துறையூரிலிருந்து ஒரு பெண் வந்தார். எம்.ஏ., பி.எட். முடித்து எம்.ஃபில்.லும் செய்தவர். தமிழ்ப் பாடத்துக்கு டி.ஆர்.பி. கைடு கேட்டார். மேசையில் நான்கு கடைப் பிரதிகள் இருந்தன.

"உங்களுக்கு நல்லா வர்ற பகுதி எதும்மா?"

"தொல்காப்பியம். எம்.ஃபில்.லுக்கு உரையாசிரியர்களைப் பத்தித்தான் பண்ணேன்."

"அதை மட்டும் நாலுலயும் பாருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையில் கூட்டம் வந்தது, போனது. அவர் நிமிரவில்லை. முக்கால் மணி கழித்து ஒரு கைடைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணா, இதுல சேனாவரையர் தொல்காப்பியம் முழுசுக்கும் உரை எழுதினார்னு போட்டிருக்கு. அவர் சொல்லதிகாரத்துக்கு மட்டும்தான் எழுதினார். முழுசுக்கும் எழுதினது இளம்பூரணர். அடுத்த பக்கத்துல பேராசிரியர் உரையும் முழுசா கிடைக்குதுன்னு இருக்கு. பொருளதிகாரத்துல கடைசி நாலு இயலுக்குத்தான் கிடைக்குது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல்." விரல்விட்டு எண்ணிக் காட்டினார். "எனக்குத் தெரிஞ்ச இடத்துலயே இப்படின்னா, எனக்குத் தெரியாத சிற்றிலக்கியத்துல என்னென்ன எழுதியிருக்காங்களோ?"

நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லவேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

மற்ற மூன்றில் ஒன்று தேறியது. அதையும் அவர் எடுக்கவில்லை. கல்வி உளவியலுக்குத் தனியாக ஒரு கைடு வாங்கினார். பி.எட்.டில் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்று அவரே சொன்னார். பிறகு பழைய புத்தக அடுக்குக்குப் போய், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் போட்ட தொல்காப்பிய உரை ஒன்றை, முதுகு கிழிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்து வந்தார். யாரோ ஒரு தமிழாசிரியர் வீட்டிலிருந்து வந்த புத்தகம் அது. ஓரமெல்லாம் மையில் குறிப்பு. விலை கேட்டார், சொன்னேன். பர்ஸைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வருகிறேன், எடுத்து வையுங்கள் என்றார். இப்போதே கொண்டுபோங்கள், சம்பளம் வந்ததும் கொடுங்கள் என்றேன்.

பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். அந்தக் கடைப் பிரதியை மறுபடி எடுத்தார். நூலில் கட்டியிருந்த பென்சிலைப் பிடித்து, சேனாவரையர் பெயருக்குப் பக்கத்தில் 'சொல்லதிகாரம் மட்டும்' என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் நாலு இயல்களின் பெயரையும் சின்ன எழுத்தில் ஓரத்தில் ஏற்றினார். தேதி போட்டார். பென்சில் முனை மழுங்கியிருந்ததைப் பார்த்து, "சீவி வைங்கண்ணா" என்று என்னிடம் நீட்டினார். நான் பிளேடைத் தேடிக்கொண்டிருக்கும்போதே துறையூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டார்.